இடக்கை வெட்டு

ஜூன் 8, திங்கள்

காலையில் தண்ணீர் விடப் போனபோது பார்த்தேன். ஒட்டுக் கட்டக் குச்சி எடுக்கும் தாய் மாமரத்தின் கிழக்குக் கிளையில் மூன்று வெட்டு. புது வெட்டு. பால் இன்னும் காயவில்லை.

நான் வெட்டவில்லை. இவருக்கு ஒட்டுக்குச்சி வெட்டத் தெரியாது. இந்த வீட்டில் மூன்றாவது ஆள் கிடையாது.

மண் கலந்துகொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டேன். நிமிராமலே, "அணில் கடிச்சிருக்கும்" என்றார். அணில் எப்போதிருந்து கத்தி பிடிக்க ஆரம்பித்தது என்று கேட்டேன். மண்வெட்டியை மறுபடி எடுத்தார். கல்யாணமான இருபத்தாறு வருடத்தில் இவர் பதில் சொன்ன கேள்விகளை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று நின்று நிதானமாகப் பார்த்தேன். வெட்டுகளுக்குப் பக்கத்தில் இன்னும் ஏழெட்டு நுனிகளில் இலை இல்லை. காம்பு மட்டும் நிற்கிறது. யாரோ கிள்ளியிருக்கிறார்கள். குச்சி வெட்டுவதற்குப் பத்து நாள் முன்னால் இலையைக் கிள்ளிவிட்டால் மொட்டு புடைக்கும், ஒட்டு சீக்கிரம் பிடிக்கும். இது தெருவில் போகிறவனுக்குத் தெரிகிற விஷயமில்லை. அப்படியென்றால் வந்தவர் தொழில்காரர். பத்து நாளாக வந்து போகிறார். நான் மூக்குக்குக் கீழே நடப்பதைப் பார்க்காமல் இருந்திருக்கிறேன்.

இந்த ஊரில் தொழில்காரர் இல்லாதவர் யார்? வீட்டுக்கு வீடு நர்சரி. தெருவில் நடந்தால் இரண்டு பக்கமும் மண் பைகள்தான் வரிசையாக நிற்கும். பள்ளிக்கூடத்து வாத்தியார்கூட சாயங்காலம் ரோஜாக் குச்சி நடுகிறார். கத்தி இல்லாத சட்டைப்பை இங்கே கிடையாது.

ஊருக்கு ஒரு வழக்கம் உண்டு. குச்சி கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. கேட்காமல் எடுக்கவும் கூடாது. எலுமிச்சைக்காரர் தன் விதையில்லா எலுமிச்சையைக் கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். சப்போட்டா வீட்டிலும் அப்படித்தான். நானும் வாங்கியிருக்கிறேன், மறைக்கவில்லை. ஆனால் இந்த மாமரம் விஷயம் வேறு. அப்பா தின்றுவிட்டு எறிந்த கொட்டையில் தானாக முளைத்த மரம். வேறு எங்கும் இல்லாத ஜாதி. ஊரில் யார் மரமும் காய்க்காத காலத்தில் காய்க்கும், கொட்டை தகடு மாதிரி இருக்கும், நார் கிடையாது. வருடத்துக்குப் பத்துப் பதினைந்து ஒட்டு மட்டும் கட்டி வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்பேன். உள்ளூரில் ஒரு குச்சி கொடுத்ததில்லை. கேட்டவர்களிடம் "இந்த வருஷம் மரத்துக்கு முடியல" என்று சொல்லிவிடுவேன். அதையும் பல வருடமாகச் சொல்கிறேன்.

ஊரில் எனக்குக் கழுகம்மா என்று பெயர். என் காதுபடவே சொல்வார்கள். சொல்லட்டும்.

ஜூன் 11, வியாழன்

இன்னும் நான்கு வெட்டு.

இந்த முறை பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நாங்கள் எல்லோரும் மரத்தடியில் நின்று, கிளையை வளைத்து, கத்தியைக் கீழிருந்து மேலே இழுத்துத்தான் வெட்டுவோம். வலக்கைக்காரர் வெட்டினால் வெட்டு முகம் வலது பக்கம் சாயும். எழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதுபோல, வெட்டைப் பார்த்து ஆளைச் சொல்லிவிடலாம்.

இது இடது பக்கம் சாய்ந்திருக்கிறது. ஏழு வெட்டும் அப்படியே.

ஊரில் இடக்கைக்காரர் ஒரே ஒருவர்தான். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்.

ஜூன் 12, வெள்ளி

கை ஓடவில்லை. அண்ணனா?

ஜூன் 14, ஞாயிறு

அண்ணன் என்று கூப்பிடுகிறேனே தவிர உறவு ஒன்றுமில்லை. பக்கத்து நர்சரி. ஊர் அவரை இடக்கையர் என்றுதான் சொல்லும். அவர் என்னைத் தங்கச்சி என்பார், இவரை மாப்பிள்ளை என்பார். அவர் மனைவி எனக்கு அண்ணி. நாங்கள் ஊருக்குப் போனால் அண்ணி எங்கள் செடிகளுக்கும் சேர்த்துத் தண்ணீர் விடுவார். அவர்கள் போனால் நான் விடுவேன். இருபது வருடப் பழக்கம்.

அதனால் என்ன? இருபது வருடமாக எங்கள் வேலியில் எந்த இடத்தில் ஓட்டை என்று தெரிந்தவர்களும் அவர்கள்தானே.

ஒட்டுக் கட்டும் மாதத்தில் ஊரே பொதுக் கொட்டகையில் உட்காரும். மேலே குழாயிலிருந்து பனி மாதிரித் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்கும். ஆளுக்கொரு பெஞ்சு. ஒருவர் குச்சி சீவுவார், ஒருவர் ஒட்டின இடத்தில் நாடா சுற்றுவார், ஒருவர் கதை சொல்வார். இடக்கையர் மட்டும் எப்போதும் பெஞ்சு வரிசையின் இடது ஓரம். நடுவில் உட்கார்ந்தால் அவர் முழங்கை பக்கத்தில் இருப்பவர் விலாவில் இடிக்கும். நான் அவருக்கு அடுத்த இடத்தில்தான் உட்காருவேன். நான் பத்துக் கட்டினால் அவர் பதினைந்து கட்டுவார். என்னுடையதில் ஏழு பிழைத்தால் அவருடையதில் பதினாலு பிழைக்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும், காட்டிக்கொள்ள மாட்டேன். ஒரு வருடம் பெருங்காற்று வந்து ஊர் முழுக்க நிழல்வலை கிழிந்து போனது. எல்லாரும் தெருவில் வலையை விரித்து உட்கார்ந்து நான்கு நாள் தைத்தோம். சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. கடைசி நாள் என் கத்தரிக்கோலைக் காணவில்லை. அப்போதே எனக்கு ஒருவர் மேல் சந்தேகம். எழுதவில்லை, அது போகட்டும்.

ஜூன் 16, செவ்வாய்

மரத்தின் அடியில் மண் குவித்திருக்கிறது. நேற்று இல்லை. முழங்கால் உயரத்துக்கு அணைத்து, தட்டி, மேலே சருகு தூவி வைத்திருக்கிறார்கள்.

கால்தடத்தை மறைக்கவா? எதையாவது ஊற்றிவிட்டு மூடினார்களா?

இவரிடம் சொன்னேன். "நான்தான் அணைச்சேன், வேர் தெரிஞ்சுது" என்றார். இவர் அந்த மரத்துக்குத் தானாக ஒரு கூடை மண் போட்டு நான் பார்த்ததில்லை. ஏன் இவர் எல்லாவற்றுக்கும் ஒரு சமாதானம் வைத்திருக்கிறார்? சண்டை வேண்டாம் என்பதற்காக எதையும் விழுங்குகிற மனிதர். பக்கத்து வீட்டு மாப்பிள்ளை வேறு.

ஜூன் 19, வெள்ளி

இலை உதிர்கிறது. காலையில் பெருக்கினால் மதியம் மறுபடி கிடக்கிறது. வெயில் காலத்தில் கொஞ்சம் உதிரும்தான். ஆனால் இவ்வளவா?

மேற்குக் கிளையில் வெட்டு. எண்ணினேன். மொத்தம் பதினெட்டு.

ஜூன் 20, சனி

வேலி ஓட்டையை முள்கம்பி வைத்து அடைத்தேன். கையில் கிழித்துக்கொண்டேன். அண்ணி அந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டே பார்த்தார். "என்னம்மா, பூனை வருதா?" என்றார்.

"பூனைன்னா பரவாயில்லையே" என்றேன்.

அண்ணியின் முகம் மாறியதா, வெயிலில் கண் கூசியதா, தெரியவில்லை.

ஜூன் 23, செவ்வாய்

இடக்கையர் தண்ணீர்க் குழாய்க்குக் கிளிப் கேட்டு வந்தார். கிளிப் கொடுத்தேன். போகவில்லை. மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அதுவும் மரத்தின் அடியை.

"என்ன அண்ணே பாக்குறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. இலை கொட்டுதே."

"யார் கண்ணு பட்டுச்சோ."

அவர் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லாமல் போய்விட்டார். மனதில் குற்றம் இல்லாதவர் என் பேச்சுக்குச் சிரித்திருப்பார். அண்ணன் சிரிக்கவில்லை.

ஜூன் 25, வியாழன்

வேலியோரம் இவரும் இடக்கையரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் போனதும் பேச்சு உரம் விலைக்கு மாறியது. எனக்குத் தெரியாதா, உரம் விலையைக் கிசுகிசுவென்று யார் பேசுவார்கள்?

ஜூலை 4, சனி

கண்டுபிடித்துவிட்டேன். 

இவர் விடியற்காலையில் செடி லோடு ஏற்றிக்கொண்டு வெளியூர் போனார். நாளை மறுநாள்தான் வருவார். மதியம் எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்துப் பொதுக் கொட்டகைக்குப் போனேன். இடக்கையர் பெஞ்சுக்குப் பின்னால் ஈரச் சாக்கு மூடி ஒரு தட்டு இருந்தது. தூக்கினேன்.

பதினெட்டு ஒட்டு. பதினெட்டும் துளிர்த்து, செம்பு நிறத்தில் இளம் இலை. பெயர்ச்சீட்டு இல்லை.

ஓர் இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்தேன். என் மரத்து இலைக்கு மட்டும் இஞ்சி வாசம் வரும். அதே வாசம். என் அப்பா மரம்.

சாக்கை முன்பு இருந்தபடியே மூடிவிட்டு வந்தேன். நர்சரிக்காரர் சங்கத் தலைவர் விதைக்கடை வைத்திருக்கிறார், நேரே அங்கே போனேன். நாளைக்குக் கூட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். "உங்க வீட்டுக்காரர் வந்துரட்டுமே, திங்கக்கிழமை வச்சுக்கலாம்" என்றார். மரம் என்னுடையது, இவருடையது இல்லை என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். நாளைக்கு யாராவது மாற்றிச் சொன்னால் என்னிடம் எழுத்து இருக்கவேண்டும்.

பத்து மணிக்குக் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். தலைவர் ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே நான் சாக்கைத் தூக்கிவிட்டேன். "இது யார் மரத்துக் குச்சின்னு அண்ணனையே கேளுங்க" என்றேன்.

இடக்கையர் எழுந்து நின்றார். "தங்கச்சி மரத்துக் குச்சிதான். மாப்பிள்ளை குடுத்தாரு. கட்டித் தரச் சொன்னாரு."

நான் சிரித்தேன். உண்மையாகவே சிரிப்பு வந்தது. "எங்க வீட்டுக்காரர் என்னைக் கேக்காம தண்ணிகூடக் குடிக்க மாட்டார்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். வெட்டு இடது பக்கம் சாய்ந்திருப்பதைச் சொன்னேன். கிளையை வெட்டிக்கொண்டு போயிருந்தேன், காட்டினேன். கை மாற்றிக் கை மாற்றி எல்லாரும் பார்த்தார்கள். எலுமிச்சைக்காரர், "இடக்கை வெட்டுதான்" என்றார். அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

"எதுக்குக் குடுத்தாரு?" என்று தலைவர் கேட்டார். இடக்கையர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "அதை அவரே சொல்லட்டும். ஒரு நாள் பொறுங்க" என்றார்.

ஒரு நாள் பொறுத்தால் இவரைச் சரிக்கட்டி விடலாம். எனக்குத் தெரியாதா?

ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒட்டின இடத்திலேயே முறித்தேன். பிடித்த ஒட்டு அவ்வளவு சுலபமாக முறியாது, இரண்டு கையும் வேண்டும். இடக்கையர் பெஞ்சைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தார். "தங்கச்சி, அதை மட்டும் பண்ணாதீங்க. என்னை என்ன வேணா சொல்லுங்க, அதை மட்டும் பண்ணாதீங்க." குரல் உடைந்துவிட்டது. திருட்டுப் பொருளுக்கு இவ்வளவு அழுகையா என்று கேட்டேன். பதினெட்டையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தேன்.

இந்தப் பருவம் முழுக்க அவருக்குக் கொட்டகையில் பெஞ்சு இல்லை என்று சங்கம் முடிவு செய்தது. அண்ணி எழுந்தார். நாடா உருண்டையையும் கத்தியையும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு அவருக்கு முன்னால் நடந்து போனார்.

நன்றாகத் தூங்கப் போகிறேன்.

ஜூலை 6, திங்கள்

இவர் சாயங்காலம் வந்தார். தெருமுனையிலேயே யாரோ சொல்லியிருக்கிறார்கள். வண்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் உட்கார்ந்துவிட்டார்.

"பதினெட்டுமா?" என்றார்.

"பதினெட்டும்."

முகத்தை மூடிக்கொண்டார். "நான்தான் குடுத்தேன்."

நான் நம்பவில்லை. யாருக்குப் பயந்து இப்படிச் சொல்கிறீர்கள், அவர் வழியில் மடக்கிப் பேசினாரா என்று கேட்டேன். இவர் எழுந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனார். இவர் என்னைக் கையைப் பிடித்து இழுத்தது கிடையாது. மண்வெட்டியால் அணைத்த மண்ணை விலக்கினார். அடிமரத்தில் காளான். தட்டுத் தட்டாக, பழுப்பு நிறத்தில், என் உள்ளங்கை அகலம். மூன்று. அதற்குக் கீழே பட்டையை விரலால் தொட்டார், நனைந்த காகிதம்போல உள்ளே போனது.

தொழில்காரிக்கு விளக்கம் தேவையில்லை. இந்தக் காளான் வெளியே தெரிந்தால் வேர் ஏற்கெனவே போய்விட்டது என்று அர்த்தம். மருந்து கிடையாது.

மே மாதமே பார்த்தாராம். சுரண்டிச் சுரண்டிப் போட்டாராம். மறுபடி வந்ததாம். இடக்கையரைக் கூட்டிவந்து காட்டியிருக்கிறார். நல்ல குச்சி இருக்கும்போதே ஒட்டுக் கட்டி வைத்துவிடலாம், செடி தயாரானதும் தங்கச்சியிடம் சொல்லலாம், கையில் கன்று இருந்தால் தாங்கிக்கொள்வாள் என்று அவர்தான் சொன்னாராம்.

"என்கிட்ட ஏன் சொல்லல? நான் கட்டியிருப்பேனே. நான் கட்டியிருக்க மாட்டேனா?"

இவர் மண்ணை மறுபடி மரத்தோடு அணைத்தார். "சொன்னா யாரோ மருந்து ஊத்திட்டாங்கன்னு ஊரைக் கூட்டுவ. பக்கத்து வீட்டு மேல பழி போடுவ. அதான் சொல்லல."

ஜூலை 7, செவ்வாய்

இன்னும் ஒன்று கேட்டேன். வெட்டு ஏன் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது?

இவருக்குக் கீழே நின்று கிளையை வளைக்க வராது. ஏணி போட்டு மேலே ஏறி நின்று, கிளைக்கு மேலிருந்து கத்தியைக் கீழே இறக்கியிருக்கிறார். மேலிருந்து தலைகீழாக வெட்டினால் சாய்வும் மாறும். இலையைக் கிள்ளச் சொல்லிக்கொடுத்தது அண்ணன்; வெட்டு இவருடைய தெரியாத கை. அவ்வளவுதான்.

முப்பது வருடமாகக் கத்தி பிடிக்கிறேன். எங்களில் ஒருவர்கூட ஏணியில் ஏறி வெட்டியதில்லை என்பதால் ஏணி என் புத்திக்கு எட்டவில்லை. எலுமிச்சைக்காரருக்கும் எட்டவில்லை. முப்பது பேர் பார்த்தோமே.

ஜூலை 9, வியாழன்

மரத்தில் மிச்சமிருக்கும் குச்சிகளை வெட்டினேன். உயிருள்ளது மாதிரித் தெரிந்ததையெல்லாம் எடுத்தேன். நாற்பது. நானே கட்டினேன். பச்சை குறைந்த, சாறு இல்லாத குச்சி, சீவும்போதே தெரிகிறது. தெரிந்தும் கட்டினேன். கொட்டகையில் வைக்க முகமில்லை. குளியலறைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாள் போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஏன் ஒரே ஒரு மரம் வைத்திருந்தேன்? ஒரு கன்றை இன்னொரு மூலையில் நட எவ்வளவு நேரம் ஆகும்? அப்பாகூடச் சொன்னார். இரண்டு மரம் இருந்தால் இரண்டு இடத்தில் காவல் இருக்கவேண்டுமே என்று நான்தான் நடவில்லை.

ஜூலை 14, செவ்வாய்

எதிரில் இடக்கையர் வந்தார். நான் சந்துக்குள் திரும்பிவிட்டேன். அந்தச் சந்தில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.

ஜூலை 22, புதன்

பதினொன்று கறுத்துவிட்டன.

ஆகஸ்ட் 3, திங்கள்

நாற்பதும்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

பெரிய காற்றுகூட இல்லை. காலையில் நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன், மரம் தானாகச் சாய்ந்து நர்சரி வரிசை மேல் விழுந்தது. வேர் என்று ஒன்று இல்லை. கீழே வெறும் சக்கை.

சத்தம் கேட்டுத் தெருவே வந்தது. இடக்கையரும் வந்தார். இவரோடு சேர்ந்து கிளைகளை அறுத்து, நசுங்கிய பைகளிலிருந்து பிழைக்கிற செடிகளைப் பொறுக்கித் தனியாக வைத்தார். அவர் பொறுக்கிய செடிகளைப் பார்த்தேன், ஒன்றுகூடத் தப்பாகப் பொறுக்கவில்லை. மதியம் வரை இருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. நான் தண்ணீர் கொண்டுபோனேன். இவர் கையில் கொடுத்தேன், இவர் அவருக்குக் கொடுத்தார்.

அப்பா செத்த அன்று அழாத அழுகையை இன்று அழுதேன். அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஆகஸ்ட் 17, திங்கள்

போனேன். எத்தனை நாள் சந்துக்குள் திரும்புவது.

அண்ணி கதவில் நின்றார். உள்ளே வா என்று சொல்லவில்லை. இருபது வருடத்தில் அந்த வாசலில் யாரும் எனக்கு வழி விடாமல் நின்றதில்லை. இடக்கையர் பின்னால் வந்து நின்றார்.

நான் என்னென்னவோ தயார் செய்து போயிருந்தேன். வாயில் வந்தது, "தப்புப் பண்ணிட்டேன் அண்ணே" மட்டும்தான்.

அண்ணிதான் பேசினார். "எங்க வாசல்ல வந்து சொல்லிட்டுப் போனா ஆச்சா? முப்பது பேர் முன்னாடி என் புருஷனைத் திருடன்னு சொன்னீங்க. கடைக்குப் போனா பேச்சு நிக்குது."

சரி என்றேன். திரும்பும்போது இடக்கையர், "வெளியூர்ல யார் யாருக்குக் கன்னு குடுத்தீங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றார். "குச்சி கிடைச்சா கட்டலாம்."

அண்ணன் மனிதர்தானா? நானாக இருந்தால் வாசலிலேயே கதவைச் சாத்தியிருப்பேன்.

ஆகஸ்ட் 23, ஞாயிறு

கொட்டகையில் கூட்டம் போடச் சொல்லி எழுந்து நின்று சொன்னேன். அண்ணன் எடுக்கவில்லை. அன்றைக்கு அவர் சொன்னது நிஜம். நான் முறித்தது என் மரத்தையே. இவ்வளவுதான் சொன்னேன்.

யாரும் சமாதானம் சொல்லவில்லை. ஒரு குரல் மட்டும் பின்னாலிருந்து வந்தது: "கேட்டப்போ ஆளுக்கு ஒரு குச்சி குடுத்திருந்தா இன்னைக்கு ஊர்ல முப்பது மரம் நின்னிருக்கும்." சப்போட்டா வீட்டம்மா. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்து என்ன சொல்வது?

இடக்கையருக்குப் பெஞ்சு திரும்பக் கிடைத்தது.

செப்டம்பர் 14, திங்கள்

வாங்கினவர்கள் பெயர், ஊர் எழுதி வைக்கும் பழக்கம் எனக்கில்லை. எழுதி வைத்தால் யாராவது பார்த்து அங்கே போய்க் குச்சி வாங்கிவிடுவார்களே. இப்போது இவருடைய ஞாபகம்தான் கதி. எங்கெங்கே இறக்கினோம் என்று லோடு போன வழியை வைத்துச் சொல்கிறார்.

முதல் வீட்டில் மரத்தை வெட்டிவிட்டு வண்டி நிறுத்தக் கூரை போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வீட்டில் மாடு மேய்ந்து போனதாம். மூன்றாவது வீட்டைப் பூட்டி ஆறு வருடம். சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தேன், புல்தான்.

செப்டம்பர் 26, சனி

நான்காவது வீடு. மூன்று மணி நேரப் பயணம். இவர், இடக்கையர், நான். ஓய்வு பெற்ற தபால்காரர் வீடு. அவர் இறந்துவிட்டார், மனைவி மட்டும் இருக்கிறார்.

மரம் இருந்தது. பின்கட்டில், என்னைவிடக் கொஞ்சம் உயரமாக. ஓர் இலையைக் கசக்கி மோந்தேன். அதே இஞ்சி வாசம்.

அந்த அம்மாவுக்கு எங்களைப் பிடிக்கவில்லை. "செடி வித்தவங்க திரும்ப வந்து செடி கேட்டு நான் பார்த்ததில்ல" என்றார். விளக்கினேன். "இத்தனை நர்சரி இருக்கிற ஊர்ல ஒரு மாமரம் இல்லையா?" என்றார். அதற்கும் விளக்கினேன். பாதியில் எனக்கே என் கதை பொய் மாதிரி இருந்தது. கடைசியில், "பன்னெண்டு. அதுக்கு மேல ஒண்ணுகூடக் கிடையாது" என்றார்.

இடக்கையர் வெட்டினார். அந்த அம்மா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். ஒவ்வொரு வெட்டுக்கும் உதடு அசைந்தது. நான் ஈரத்துணியில் சுற்றிப் பையில் வைத்தேன். கிளம்பும்போது, "பையைத் திறந்து காட்டுங்க" என்றார்.

இவர் முகம் சிவந்துவிட்டது. இடக்கையர் தரையைப் பார்த்தார். நான் அந்த அம்மாவின் கண்ணைப் பார்த்தேன். என் கண்தான் அது. அந்தப் பார்வைக்கு எதிரே நிற்பது எப்படியிருக்கும் என்று எனக்கு இத்தனை வயதுவரை தெரியவில்லை.

திண்டாட்டமாகத்தான் இருந்தது. திறந்து காட்டினேன். தரையில் துணியை விரித்து எண்ணினார். மறுபடி எண்ணினார். பையைத் தலைகீழாக உதறச் சொன்னார், உதறினேன். அண்ணன் அன்று கொட்டகையில் முப்பது பேர் நடுவில் நின்றார். இங்கே மூன்று பேர்தான்.

செப்டம்பர் 27, ஞாயிறு

விடிந்ததும் இடக்கையர் பெஞ்சில் கட்டினோம். அவர் சீவினார், அண்ணி நாடா சுற்றினார். நான் குச்சியை ஒட்டவேண்டிய வேர்ச்செடிகளை எடுத்து எடுத்துக் கொடுத்தேன். என் கத்தி பையிலேயே இருந்தது. யாரும் கேட்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

துளிர்த்தால் ஆறு எங்களுக்கு, ஆறு ஊருக்கு என்று நான் சொன்னேன். அண்ணி, "முதல்ல துளிர்க்கட்டும்" என்றார். பிறகு நாடாவைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே சொன்னார்: "மூணு வாரம் கொட்டகைப் பக்கம் வராதீங்க. நீங்க நின்னு பார்த்துக்கிட்டே இருந்தா எனக்குக் கை நடுங்குது."

நியாயம்தான்.

அக்டோபர் 5, திங்கள்

போகவில்லை.

அக்டோபர் 9, வெள்ளி

கொட்டகை வாசல்வரை போனேன். உரச் சாக்கு வாங்கப் போகிற வழி அதுதான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உரக்கடை எதிர்த் திசையில் இருக்கிறது. திரும்பி வந்தேன்.

அக்டோபர் 14, புதன்

பனிக்குழாய் இரண்டு நாளாக வேலை செய்யவில்லை என்று பேச்சு. அண்ணி குடத்தில் தண்ணீர் தூக்கித் தெளிக்கிறாராம். இவர் சொன்னார். உண்மையாகத் தெளிக்கிறாரா, பேச்சுக்குச் சொல்கிறார்களா? வெயில் இந்தப் போடு போடுகிறது. பன்னிரண்டும் காய்ந்துபோனால் அடுத்த வருடம் அந்தத் தபால்காரர் மனைவி கதவைத் திறப்பாரா?

"நீங்க போய் ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன்" என்றேன் இவரிடம்.

"உன்னை வராதன்னு சொன்னா என்னையும் வராதன்னுதான் அர்த்தம்" என்றார். இவர் பதில் சொன்ன கேள்விகளில் இன்னொன்று சேர்ந்தது.

அக்டோபர் 20, செவ்வாய்

மதியம் அண்ணி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து கூப்பிட்டார். ஜூலைக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது இன்றுதான்.

"ஏழு துளிர்த்திருக்கு. வேணும்னா வந்து பாருங்க."

பன்னிரண்டு கொடுத்தோம், ஏழு என்கிறார், மீதி ஐந்து எங்கே என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றாமல் இருக்குமா? சுபாவம்.

"சரி அண்ணி" என்றேன். அடுப்பில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது, உள்ளே வந்துவிட்டேன். சாப்பிட்டுவிட்டு நோட்டை எடுத்தேன். அண்ணி சொன்னபடியே ஏழு என்று எழுதியிருக்கிறேன். போய் எண்ணிப் பார்க்கவில்லை.